பத்துக்குப் பன்னிரண்டு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் இரண்டு கண்ணின் மேலும், கண் மங்கிய பிறகு மாட்டிக்கொண்ட கண்ணாடியின் மேலும் ஆணையிட்டுச் சொல்கிறேன். வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிற ஆள் நான் இல்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் ஓர் அறக்கட்டளையின் கோப்பில் நாற்பத்திரண்டு பக்கத்துக்கு ஒரு வீட்டு ஆய்வறிக்கை இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, கடைசியில் ஊதா முத்திரை. அதில் உள்ளதைத்தான் சொல்லப்போகிறேன். என் கைச்சரக்கு என்று ஒரு காற்புள்ளிகூடக் கிடையாது. அறிக்கையின் முதல் வரி இது: செங்கல்லும் சிமென்டும் இல்லாமல், கூலியாள் யாரும் இல்லாமல், வாட்ச்மேன் வீட்டில் முதல் அறை முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு.

அந்த வாட்ச்மேன் காவல் காத்தது முப்பத்திரண்டு வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை. பாதி வீடுகள் விற்காமல் கிடந்ததால், வாங்க வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, ஜன்னலைத் தள்ளிவிட்டு, "காத்தோட்டம் பாருங்க சார்" என்று சொல்வதும் அவர் வேலையாகிவிட்டது. இடுப்பில் முப்பத்திரண்டு சாவி தொங்கும். அவர் குடியிருந்த வீட்டுக்கோ பூட்டே கிடையாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, ஒரே அறை. பூட்டிவைக்கிற அளவுக்கு உள்ளே எதுவும் இல்லை. மனைவி சித்தாள். அந்த முப்பத்திரண்டு வீட்டுக்கும் ஏறிய செங்கல்லில் பாதி அவள் தலைவழியாக ஏறியதுதான். ஒரே மகள். நடக்கப் பழகிய நாளிலிருந்து கதவு, பெஞ்சு, அப்பாவின் முதுகு என்று எதைக் கண்டாலும் கையை விரித்து அளக்கிறவள் என்பதால் தெருவே அவளைச் சாண் என்று கூப்பிட்டது. கட்டடக்கலை படிக்க அவளுக்கு இடம் கிடைத்தபோது, அந்தக் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் அந்தக் கல்லூரிக்குள் போயிருந்தவள் அம்மா ஒருத்திதான். அதுவும் தலையில் மணல் சட்டியோடு, பின்பக்கச் சுற்றுச்சுவர் வேலைக்கு.

முதல் வாரத்திலேயே பேராசிரியர் எல்லாரையும் அவரவர் வீட்டை அளந்து வரைந்து வரச் சொன்னார். மற்ற பிள்ளைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்து வரைந்தார்கள். சாணுக்கு நாலு நிமிஷம் ஆனது. பேராசிரியர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்னம்மா, வீடா தீப்பெட்டியா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டவர் அல்ல; ஆனாலும் வகுப்பு சிரித்தது. சாண் வீட்டுக்கு வந்து, பெரிய தாளை விரித்து, இல்லாத ஓர் அறையை வடக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் சேர்த்தாள். இரண்டு ஜன்னல், புத்தகம் வைக்க ஒரு மாடம். பென்சிலில் போட்டவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேலே மைப்பேனாவை ஓட்டிக் கடைசி மூலையைச் சேர்த்ததும் வடக்குச் சுவர் தொண்டையைக் கனைத்தது. அங்கே ஒரு கதவு இருந்தது. அம்மா எழுந்து போய் சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். "நான் சுமக்காத கல்லுல எழுந்த சுவரு. இது நிக்குமா?" என்றாள். அப்பா உள்ளே போய், பழக்கதோஷத்தில் ஜன்னலைத் தள்ளிவிட்டு, காற்றோட்டம் நன்றாக இருப்பதாகச் சொன்னார். சுவர் நின்றது.

இரண்டு வருஷத்தில் அப்படி அறைகள் பதிமூன்று வந்தன. எல்லாம் படிக்கிற பிள்ளையின் கைவேலை என்பதால் குறைகள் இருக்கத்தான் செய்தன. ஓர் அறைக்குக் கதவு போட மறந்துபோனாள். அது இருப்பது தெரியும், உள்ளே போக வழியில்லை. மழைக்காலத்தில் அதற்குள் யாரோ தும்முகிற சத்தம் கேட்கும். மாடிப்படியின் உயரக் கணக்கில் பிழை வந்து, எட்டாவது படியில் ஏறுகிறவர் தலை கூரையில் இடித்தது. ஒரு தாளில் அம்மா டீயைக் கொட்டிவிட, அந்த அறையின் கிழக்கு மூலை இன்றுவரை காயவில்லை. கிட்டப் போனால் ஏலக்காய் வாசனை. பேராசிரியர் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்ததெல்லாம் அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நான்காவது அறையின் கூரை முழுக்க, ஆளுயர எழுத்தில், "வெளிச்சம் போதாது" என்று இருந்தது. சமையலறைச் சுவரில் பத்துக்கு ஏழு மதிப்பெண். அம்மா எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் ஏழு மறையவில்லை. ஒருமுறை சின்ன அறை ஒன்றைத் திருத்தலாம் என்று பிளேடால் மையைச் சுரண்டினாள். அறை போய்விட்டது, அதில் நிறுத்தியிருந்த அப்பாவின் சைக்கிளும் கூடவே போய்விட்டது. அதைத் திரும்ப வரைந்தபோது அறைதான் வந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் அதே பத்துக்குப் பன்னிரண்டு. பக்கத்து வீட்டுத் தையற்காரர் மட்டும் ஒருநாள் வந்து, தன் துணி அலமாரிக்குள் ஆள் நடமாட்டம் கேட்பதாகப் புகார் சொன்னார். அது ஐந்தாவது அறை என்று விளக்கிச் சொல்லி, அந்த வழியாக நடக்கும்போது செருப்பைக் கழற்றிவிடுவதாக ஒத்துக்கொண்டதும் சமாதானமாகப் போய்விட்டார்.

வில்லங்கம் மூன்றாம் வருஷத்தில் வந்தது. கல்லூரி கொடுத்துவந்த கட்டணச் சலுகை இரண்டு வருஷத்தோடு முடிந்தது. அறக்கட்டளையின் உதவித்தொகை கிடைத்தால் படிப்பு. இல்லையென்றால் கல்லூரி எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் வேலை காலியாக இருந்தது. மற்றவர்கள் போட்ட வரைபடங்களைப் பிரதி எடுத்துக் கொடுக்கிற வேலை. கடைக்காரர் அவள் கையைப் பார்த்து, தாளை நேராகப் பிடிப்பாள் என்று சான்றிதழே கொடுத்துவிட்டார். உதவித்தொகைப் படிவத்தில் இருபத்தாறு கேள்விகள். பதினெட்டாவது: வீட்டில் எத்தனை அறைகள்? ஒன்றுக்கு மேல் இருந்தால் விண்ணப்பிக்கத் தேவையில்லை.

"ஒண்ணுன்னு எழுது," என்றார் அப்பா.

"அப்ப மத்ததெல்லாம்?"

"மத்தது தாளு," என்றாள் அம்மா.

சாண் ஒன்று என்று எழுதினாள். எழுதியதைச் சரிபார்க்க ஆய்வாளர் வருவார் என்று பதில் வந்தது. அவர் வருகிற அன்று காலை அவள் பதிமூன்று தாளையும் தரையில் பரப்பி, கையில் பிளேடோடு உட்கார்ந்துவிட்டாள். "எல்லாத்தையும் சுரண்டிடறேம்மா. ஒரு மணி நேர வேலை." அம்மா பிளேடைப் பிடுங்கி ஜன்னல்வழியாக வீசினாள். "இடிக்கிற வேலைக்கு நான் ஒருநாளும் கூலிக்குப் போனதில்ல. நீயும் போகாத. பீரோவை இழு." வடக்குக் கதவை மறைத்து பீரோவை நிறுத்தினார்கள். மேலே ஒரு பழைய போர்வை. அம்மா கணவரை எதிரே நிற்கவைத்துப் பாடம் எடுத்தாள்: "அவர் என்ன கேட்டாலும் 'ஆமாங்க சார்'. அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக்கூடாது. உங்க வாய் எனக்குத் தெரியும்." அப்பா ஆமாங்க சார் என்றார்.

ஆய்வாளர் சாதுவான மனிதர். குடையை வாசலில் சாத்தி, வெளிச்சுவரை நாடாவால் அளந்து, பத்து, பன்னிரண்டு என்று குறித்துக்கொண்டார். உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். பார்க்க ஒரு சுற்றுக்கு மேல் ஒன்றுமில்லை. பதினெட்டாவது கேள்விக்கு எதிரே 'சரி' போட்டுப் பேனா மூடியைத் திருகியும் ஆயிற்று. ஒரு கால் வாசற்படியைத் தாண்டியும் ஆயிற்று. அப்படியே போயிருந்தால் அறிக்கை வழக்கம்போல அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் அவருக்கு மனசு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்து, பரிதாபப்பட்டு, "இவ்வளவுதானாங்க வீடு? மூணு பேருக்கு?" என்றார்.

முப்பத்திரண்டு வீட்டைத் திறந்து காட்டிய மனிதரிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. வாட்ச்மேனின் கை தானாக இடுப்புச் சாவிக்குப் போயிற்று. "இவ்வளவுதானாவா? என்ன சார் நீங்க, ஹாலை மட்டும் பாத்துட்டுக் கெளம்புறீங்க!"

"ஏங்க!" என்றாள் அம்மா.

பீரோ அதற்குள் நகர்ந்துவிட்டது. "இப்படி வாங்க சார். செருப்போட வாங்க, பரவால்ல. இது மாஸ்டர் பெட்ரூம். ரெண்டு பக்கம் ஜன்னல். காத்தோட்டம் பாருங்க."

"யாருங்க கட்டினது?"

"யாரும் கட்டல சார். நம்ம பொண்ணு போட்டது."

"உங்க வாய்க்கில்ல பூட்டு போட்டிருக்கணும்," என்று தலையில் அடித்துக்கொண்டு அம்மா பின்னாலேயே வந்தாள். வாட்ச்மேனுக்குக் காது அடைத்துவிட்டது. இத்தனை வருஷமாக அடுத்தவர் வீட்டை அடுத்தவருக்குக் காட்டியவர், முதல்முறையாகத் தன் வீட்டைக் காட்டினார். சிவப்பு எழுத்துக் கூரையைக் காட்டி, அது பேராசிரியர் கையெழுத்து, லேசில் கிடைக்காது என்றார். கதவில்லாத அறையின் சுவரைத் தட்டி, "உள்ள விசாலமான ரூம் சார், நம்பலாம்" என்றார். மாடிப்படியில் எட்டாவது படி வரும்போது குனியச் சொன்னார். ஆய்வாளர் ஏழுதான் எண்ணியிருந்தார், இடித்துக்கொண்டார். ஆறாவது அறையில் நாடா தீர்ந்துபோய், அதன்பின் அவர் எதையும் அளக்கவில்லை. பன்னிரண்டாவது அறைக் கதவில் கை வைத்தபோதுதான் வாட்ச்மேனுக்கு நினைவு திரும்பியது. திரும்பிப் பார்த்தார். மகள் சுருட்டிய தாள்களை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டிருந்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"சார்," என்றார், குரல் இறங்கிப்போய். "இதெல்லாம் பொய்னு எழுதிக்குங்க. எங்களுக்கு ஒரே ரூம்தான்."

"அப்ப நான் இப்ப நிக்கிறது எங்கங்க?"

"எங்கயும் இல்ல சார்."

ஆய்வாளர் கதவைத் தானே திறந்தார். அந்த அறையை வரைந்தபோது சாண் திசைக்குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டிருந்தாள். அதனால் அங்கே சூரியன் கிழக்கு ஜன்னலில் மறையும். வெளியே காலை பதினொன்றரை. உள்ளே மஞ்சள் வெயில் தரையில் நீளமாகப் படுத்திருந்தது. ஆய்வாளர் குப்புறக் கிடந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்துகொண்டார். அலுவலகத்தில் அவர் நாற்காலிக்கு மேலேயும் ஒரு ஜன்னல் உண்டு. எழுந்து நின்றால்தான் வெளியே தெரியும்; எழுந்து நிற்கும்படி அவருக்கு வேலை வந்ததில்லை. வெயில் சுவரேறிப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். குடும்பமே வாசலில் நின்று அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாண் மனசுக்குள் ஜெராக்ஸ் கடையின் அகல நீளத்தை அளந்து முடித்திருந்தாள்.

"அந்தப் படி தலையில இடிக்குதேம்மா," என்றார் கடைசியில்.

"முதல் வருஷத்துல போட்டது சார். அப்ப தெரியல."

"இப்ப திருத்தலாமே?"

"திருத்தினா படிக்குக் கீழ அப்பா படுக்கிற எடம் போயிடும் சார்."

"படிப்பு எவ்வளவு பாக்கி?"

"மூணு வருஷம்."

"அப்ப இன்னும் நிறைய ரூம் வரும்."

"விட்டா வரும் சார்."

ஆய்வாளர் எழுந்து, கால்சட்டையில் ஒட்டியிருந்த வெயிலைத் தட்டிவிட்டார். "அடுத்ததுல ஜன்னலைக் கொஞ்சம் தாழ்வா வை. உட்கார்ந்தா வெளிய தெரியணும்," என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அறிக்கையின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் முடிவு இருக்கிறது: "விதிப்படி வீடு வெளிச்சுவரைக் கொண்டே அளக்கப்பட வேண்டும். வெளிச்சுவர் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அறை ஒன்று. மற்ற பதிமூன்றும் மாணவியின் வீட்டுப்பாடம். வீட்டுப்பாடத்தை வீட்டில் வைத்திருப்பது குற்றமாகாது." அறக்கட்டளைக்காரர்கள் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்தார்கள். உதவித்தொகை வந்தது, படிப்பு முடியும்வரை வந்தது.

சாண் இப்போது பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போட்டுக்கொள்கிறவள். வெளியாருக்கு அவள் வரைகிறதெல்லாம் வரைபடமாகவே இருக்கிறது. செங்கல்லும் சிமென்டும் அனுமதிக் கடிதமும் இல்லாமல் ஓர் அங்குலம் எழும்புவதில்லை. தெருவில் யாருக்கு விருந்தாளி வந்தாலும் வாட்ச்மேன் வீட்டு அறைகளில்தான் படுக்கிறார்கள். தையற்காரர் தன் அலமாரிவழியாகவே வந்துபோகிறார். வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டார், இடுப்பில் சொந்த வீட்டுச் சாவி இருபத்தொன்பது. அம்மா மட்டும் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்க்கிறாள். மூன்றாம் வருஷம் முதலில் வந்த அறையில் ஜன்னல் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அதன் எதிரே, ஆய்வாளர் வந்தால் உட்கார, ஒரு நாற்காலி போட்டுவைத்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வாளரை, அறிக்கை எழுதிய அதே வருஷக் கடைசியில், வேலையைவிட்டு நீக்கினார்கள். பத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு வீட்டுக்கும் நேரில் போனதில்லை, அத்தனை அறிக்கைகளையும் அலுவலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே எழுதியிருக்கிறார் என்று விசாரணையில் தெரியவந்தது.