கோரின் வருவதற்குள் சுவர்

…இல்லை, இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சுரண்ட வேண்டும், சுவர்ப் பிளவின் மேல் ஒட்டிய பழைய காகித நாடா முழுதாக உரிந்து வந்தால்தான் புதுப் பட்டி பிடிக்கும், போன குளிர்காலத்தில் அவசரப்பட்டு மேலேயே பூசி, ஜனவரி முடிவதற்குள் அது வாயைத் திறந்துகொண்டது, என்று நினைத்தபடி நெட்டி முக்காலியில் நின்று தகட்டின் முனையைப் பிளவுக்குள் விட்டு இழுத்தாள், மாவு சலித்தது போல வெள்ளைத் தூள் ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாக இறங்கியது, இறங்குகிறதா மேலே போகிறதா, பார்த்துக்கொண்டே இருந்தால் அறையே தூளோடு சேர்ந்து மிதப்பது போல இருந்தது. வெளியே ரெஜைனா நகரம் முழுக்கப் பனி. காற்றுகூட இல்லை. கீழே நிலவறையில் வால்ட் எதையோ தேடி உருட்டும் சத்தம், எதையும் வைத்த இடத்தில் தேடாத மனிதன், முப்பது வருடக் கணவன். காலையில் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அதை எதுக்குடி இன்னிக்குப் போட்டு நோண்டுற? அந்தப் பொண்ணு படுத்துத் தூங்க வருதா, சுவத்தை சோதிக்க வருதா?" என்றான். நல்ல கேள்விதான்.

இந்த அறையே கோரினுக்காகக் கட்டியது, அப்போது அவளுக்கு நான்கு வயது, குழந்தைகள் நலத்துறைக்காரி காரிலிருந்து இறக்கிவிட்டபோது ஒரு காலில் மட்டும் செருப்பு, மற்றது எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கொஞ்ச நாளுக்கு யாராவது அறை கட்டுவார்களா? வால்டும் அவன் தம்பியும் அந்தக் கோடையிலேயே புதிதாக அஸ்திவாரம் தோண்டினார்கள், வீட்டின் பின்சுவரோடு ஒட்டி எழுப்பினார்கள், வால்ட்-நெட்டி படுக்கையறையின் பழைய ஜன்னல் இருந்த இடத்தை இரண்டு பக்கமும் ஜிப்சம் பலகை வைத்து மூடினார்கள். முதல் குளிர்காலத்திலேயே அந்தப் பலகையின் விளிம்பில் மயிரிழை போல ஒரு கோடு. இந்த ஊர்க் களிமண் அப்படி, ஈரத்தில் வீங்கும், காய்ந்தால் சுருங்கும், பழைய வீடு ஒரு பக்கம் அசையும், புது அறை இன்னொரு பக்கம். "இது ரெண்டு வீடுடி, நாமதான் ஒண்ணுன்னு நெனச்சுக்கிறோம்" என்பான் வால்ட். மஞ்சள் அடித்த அறை… இல்லை, மஞ்சள் பிறகு அடித்தது, முதலில் வெளிர் பச்சை, கோரின்தான் பச்சை வேண்டாம் வாத்து நிறம் வேண்டும் என்றாள், எந்த வாத்து என்று கேட்டதற்குக் குளியல் தொட்டியில் மிதக்கும் ரப்பர் வாத்து என்றாள். ஏழு வயதில் அவள் பெற்ற தாயிடம் திரும்பிப் போன பிறகு மறுபடி வெள்ளை. நெட்டி அந்த அறையில் தையல் இயந்திரம் போட்டாள், ஒருநாளும் தைக்கவில்லை, பிளவை மட்டும் மூடிக்கொண்டே இருந்தாள்.

போன வாரம் தொலைபேசி வந்தபோது பெரோகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள், கை முழுக்க மாவு, முழங்கையால் பொத்தானை அழுத்தினாள். "ஆன்ட்டி, நான் கோரின்… அந்த ரூம் இன்னும் இருக்கா?" என்றது ஒரு பெரிய பெண்ணின் குரல். இங்கே ரெஜைனாவில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறதாம், தான் இருக்கும் பிரின்ஸ் ஆல்பர்ட்டிலிருந்து தினமும் வந்துபோக முடியாதாம். நெட்டி மாவுக் கையைத் துடைக்கத் துணி தேடினாள். வால்ட்தான் வாங்கி, "ரூம் எங்கம்மா போகும், அதுக்கென்ன காலா இருக்கு? நீ வா" என்றான். ஆன்ட்டி என்கிறாள். என்ன சொல்லுவாள் பின்னே? அம்மா என்று கூப்பிட்டது அந்த ஏழு வயதோடு போயிற்று, இல்லை, அதற்கும் முன்பே, கடைசி சில வாரங்களில் அந்தச் சொல் திடீரென நின்றுபோனது, பால் வேண்டும் என்றால் பால் என்று மட்டும் சொல்வாள், போகப்போகிறோம் என்று பிள்ளை தன்னைப் பழக்கிக்கொள்கிறது என்று நெட்டி அப்போது நினைத்தாள்.

இன்று மூன்று மணிக்கு வருகிறேன் என்றவள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்து நின்றாள், தோழியின் காரில் இடம் கிடைத்ததாம். உயரமாக, மூக்கு நுனி சிவந்து, தோளில் ஒரு பை. நெட்டி முக்காலியிலிருந்து இறங்கினாள், கட்டிக்கொள்ளலாமா, கையெல்லாம் பட்டி, அந்த யோசனையிலேயே நேரம் கடந்தது. கோரின் சுவரைப் பார்த்துச் சிரித்தாள். "இன்னும் இது மூடலையா ஆன்ட்டி? பிடிவாதக்காரச் சுவரு."

"உங்க அங்கிள் கட்டினது வேற எப்படி இருக்கும்?" என்றாள் நெட்டி, பட்டியை மறுபடி கையில் எடுத்தபடி.

கோரின் கோட்டைக் கழற்றிக் கட்டிலில் போட்டாள், கேட்காமலே நாடாச் சுருளை எடுத்து நுனியைப் பிடித்தாள், நெட்டி பட்டி தடவ அவள் மேலிருந்து நாடாவை ஒட்டிக்கொண்டு வந்தாள், இரண்டு பேரின் கைகளும் ஒரே கோட்டில் இறங்கின, ஈரப் பட்டியின் சுண்ணாம்பு வாசம், தண்ணீருக்கடியில் வேலை செய்வது போல எல்லாம் நிதானமாக நடந்தது, இப்படியே சாயங்காலம்வரை போனாலும் நல்லதுதான் என்று நெட்டிக்குத் தோன்றியபோது கோரின் சொன்னாள், "சின்னப்புள்ளைல இதுல காதை வெச்சுக்கிட்டுத்தான் தூங்குவேன். நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் பேசுறது அப்படியே கேக்கும்."

அப்படியே. அந்தப் பக்கம் அவர்களுடைய கட்டிலின் தலைமாடு. என்னென்ன பேசினோம் அங்கே, கோதுமை விலை, வால்டின் முதுகுவலி, அவன் தம்பி மனைவியின் வாய்… அப்புறம் ஓர் இரவு, பிள்ளையின் தாய் ரோண்டா குடியை விட்டுவிட்டாள், நீதிமன்றம் பிள்ளையைத் திருப்பித் தரச் சொல்லும் என்று தெரிந்த இரவு, தலையணையில் வாயை வைத்துக்கொண்டு நெட்டி வால்டிடம் சொன்னது… அவ மறுபடி குடிக்கணும் வால்ட், ஒரே ஒரு தடவை, அது போதும் எனக்கு. தலையணைக்குள்தானே சொன்னேன்? சத்தமாகவா? வால்ட் விளக்கை அணைக்கக்கூட இல்லை, அது ஞாபகம் இருக்கிறது.

"என்ன கேட்டே?" என்றாள் நெட்டி.

"ஞாபகமே இல்ல. அங்கிளோட குறட்டைதான் பாதி." கோரின் கட்டைவிரலால் நாடாவை அழுத்திக் காற்றுக் குமிழை ஓரத்துக்குத் தள்ளினாள், திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த குமிழுக்கு விரலை நகர்த்தியபடி, யாரும் கேட்காமலே, "எங்கம்மா அப்புறம் குடிக்கவே இல்ல, தெரியுமா? ஒரே ஒரு தடவைகூட" என்றாள்.

அதில் என்ன இருந்தது? பெருமையா, குத்தலா, போகட்டும் விடு என்பதா? முகம் தெரியவில்லை, காதோரம் பட்டி அப்பியிருந்தது மட்டும் தெரிந்தது. "நல்லது" என்றாள் நெட்டி, "ரொம்ப நல்லதும்மா", சொன்ன பிறகுதான் அது பொய்யில்லை என்று கண்டாள், ரோண்டா குடிக்காமல் இருந்ததில் தனக்கு உண்மையாகவே சந்தோஷம், எப்போதிலிருந்து இந்தச் சந்தோஷம், இத்தனை வருடம் எங்கே கிடந்தது, இதைக் கோரினிடம் சொல்ல வேண்டுமென்றால் அந்த இரவையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்குமே… சமையலறையிலிருந்து வால்ட், சூப் சூடாயிற்று, வருகிறீர்களா இல்லையா என்று கத்தினான். கோரின், "இதோ" என்றாள், ஆனால் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை, நெட்டியும் எடுக்கவில்லை.