இன்று வகுப்பு இல்லை

கதவில் ஒட்டக் காகிதமும் கையுமாக ஹேரிம் அம்மா பியானோ சொல்லித்தரும் மாடிக்கு ஏறி வந்தபோது உள்ளே பியானோ சத்தம் கேட்டது. அம்மா செத்து ஒரு நாள்கூட ஆகவில்லை.

உள்ளே எட்டு வயதுப் பெண் ஒருத்தி பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தாள். இரட்டைப் பையன்கள் இருவர் குடிதண்ணீர் இயந்திரத்தடியில் காகிதக் கோப்பையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எப்படி உள்ள வந்தீங்க?”

“பூட்டு நம்பர்தான் தெரியுமே” என்றாள் அந்தப் பெண். பை மேல் சோயுல் என்று பெயர் எழுதியிருந்தது. “நீங்க யாரு? டீச்சர் எங்க?”

“நான் அவங்க பொண்ணு. இன்னிக்கு வகுப்பு இல்ல. வீட்டுக்குப் போங்க.”

“வீட்ல யாரும் இல்ல” என்றான் ஒருவன்.

“அஞ்சு மணிக்கு டேக்வாண்டோ வேன் இங்கதான் வரும்” என்றான் மற்றவன். “அப்புறம் இங்கிலீஷ். அம்மா ஏழரைக்குத்தான் வருவாங்க.”

காலையிலேயே தம்பி கிசோக் எல்லாப் பெற்றோருக்கும் செய்தி அனுப்பியிருந்தான். ஹேரிம் சோயுலின் அம்மாவைக் கூப்பிட்டாள். ஏதோ குளியலறையில் ஒளிந்துகொண்டு பேசுவதுபோல அந்தக் குரல் கிசுகிசுத்தது.

“படிச்சேங்க. காலையிலிருந்து மனசே சரியில்ல. ஆனா புள்ளைய எங்க அனுப்பறதுன்னு தெரியல. நம்பர் அவளுக்குத் தெரியும், அவ பாட்டுக்கு உள்ள உக்காந்திருப்பான்னு…”

“செத்துப்போனவங்க பாத்துப்பாங்கன்னு விட்டுட்டீங்களா?”

“ஆறரைக்கு வந்துடறேங்க” என்று மறுமுனையில் அழுகை வந்தது. இரட்டையரின் அம்மா போனையே எடுக்கவில்லை. ஹேரிம் குறுஞ்செய்தி அனுப்பினாள்.

அதற்குள் கிசோக் கூப்பிட்டுவிட்டான். “அக்கா, எங்க இருக்க? நாலு மணிக்குப் பெட்டியில வைக்கறாங்க. அப்புறம் அம்மா முகத்தப் பாக்க முடியாது.”

“தெரியும்டா. வந்துட்டே இருக்கேன்.”

என்ன கொடுமை இது! பத்து வயதில் மணிச்சட்டக் கணக்கு, ஓவியம், கணிதம் என்று ஒவ்வொரு வகுப்பாக ஏறி இறங்கி, கடைசி மாடிப்படியில் அவள் உட்கார்ந்திருப்பாள். அம்மா ஊரார் பிள்ளைகளை எல்லாம் ஒப்படைத்துவிட்டு எட்டு மணிக்கு மூச்சிரைக்க ஓடி வருவாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னை முதலில் கூப்பிட வந்திருக்கக் கூடாதா? முப்பது வருஷமாகக் கேட்காத கேள்வி. இன்று கேட்டே தீருவது என்று தலையில் துக்கத்துக்கான வெள்ளை நாடாவைக் குத்தும்போதே முடிவு செய்திருந்தாள். இன்றைக்கும் இந்தப் பிள்ளைகள் வரிசையில் முன்னால் வந்து நிற்கின்றன.

“செருப்ப மாட்டுங்க. மூணு பேரும். சீக்கிரம்!”

டாக்சியில் சோயுல் அவளுடைய கறுப்புத் துக்க உடையைத் தொட்டுப் பார்த்தாள். “டீச்சருக்கு உடம்பு சரியில்லையா?”

“செத்துட்டாங்க.”

இப்படியா சொல்வது என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

“அப்ப நாளைக்கும் வகுப்பு இல்லையா?” என்றான் இரட்டையரில் ஒருவன்.

சோயுல் ஹேரிமின் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டாள். இறுதிச் சடங்கு மண்டபத்தில் இறங்கும்போதும் விடவில்லை.

“யாருக்கா இதுங்க?” என்றான் கிசோக், துக்கக் கைப்பட்டையைச் சரிசெய்தபடி.

“அம்மாவோட பிள்ளைங்க. வேற யாரு?”

சடங்குப் பணியாளர் கதவருகே நின்றார். “நாலாச்சுங்க. குழந்தைகளுக்கு உள்ள அனுமதியில்ல. கதவ மூடிடலாமா?”

“எங்களத் தனியா விட்டுட்டுப் போகாதீங்க” என்றாள் சோயுல்.

“கொஞ்சம் விடேன்டி, சனியனே!” வாய்வரை வந்தது. முழுங்கினாள். “அஞ்சு நிமிஷம் குடுங்க” என்றாள் பணியாளரிடம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். கிசோக் பல்லைக் கடித்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிடும் பக்கத்து அறையில் மூவரையும் மேசைமுன் உட்கார வைத்து, காரச் சூப்பைத் தள்ளி வைத்து, வெறும் சோறும் பொரித்த மீனும் வரவழைத்தாள். அத்தையைக் காவல் வைத்தாள். டேக்வாண்டோ வேன்காரரைக் கூப்பிட்டு வர வேண்டாம் என்றாள்.

அப்புறம் ஓடினாள்.

அம்மா சணல் துணியில் சுற்றப்பட்டு, முகம் மட்டும் தெரியக் கிடந்தாள். யாரோ தலையைப் படிய வாரியிருந்தார்கள். உயிரோடிருந்தால் அம்மா அதைக் கலைத்துவிட்டிருப்பாள்.

“கடைசியாச் சொல்ல வேண்டியதச் சொல்லுங்க” என்றார் பணியாளர்.

கிசோக் அம்மாவின் நெற்றியில் கைவைத்து என்னென்னவோ சொல்லிக் கதறினான். அடுத்தது ஹேரிமின் முறை. அவள் குனிந்தாள். கேள்வி தொண்டையில் இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் அம்மாவின் முகத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று!

“மூணு பேரும் வந்துட்டாங்கம்மா” என்றாள். “சாப்பிடறாங்க. கூட்டிட்டுப் போக ஆள் வர்ற வரைக்கும் நான் இருக்கேன்.”

கிசோக் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

“வேற ஏதாவது?” என்றார் பணியாளர்.

அவள் இல்லை என்று தலையசைத்தாள். அவர் துணியை மெதுவாக நெற்றிவரை இழுத்தார். சுவருக்கு அப்பால், மீனின் பெரிய துண்டு யாருக்கு என்று இரட்டையர் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.