11:14-க்கு இரண்டு டிக்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"ஏன்டா, ஒரு டிக்குன்னா என்ன, ரெண்டு டிக்குன்னா என்ன?"

எங்கள் வீட்டில் போனைப் பற்றிய சந்தேகமெல்லாம் என்னிடம்தான் வரும். ஆனால் அவள் பக்கத்தில் கிடந்தது அவளுடைய போன் இல்லை, அத்தானுடையது.

"ஒண்ணுன்னா இங்கேருந்து கிளம்பிடுச்சு. ரெண்டுன்னா... அது வந்து... சில நேரம் தப்பாக் காட்டும்க்கா."

"ஓ, தப்பாக் காட்டுமா?"

"ம்."

"சரி" என்று அடுத்த காயை எடுத்தாள். நான் சொன்னால் நம்பிவிடுவாள். அதுதான் கொடுமை. ஏழு மாதத்துக்கு முன் அவளிடம் ஒரு பொய் சொன்னேன். இன்றுவரை அந்தப் பொய்யை நம்பித்தான் எனக்குத் தட்டு வைக்கிறாள். உண்மை தெரிந்தால் என் முகத்தில் விழிப்பாளா என்று தெரியாது. நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் கதையாக எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: "பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில் நின்று அந்த இளைஞன் தொடுவானத்தை..." சே. நான் நிற்கும் லிஃப்ட் மோட்டார் ரூமுக்கு ஜன்னலே கிடையாது. எங்கிருந்து தொடுவானம்?

இரண்டாவது: "ஒவ்வொரு செய்தியும் ஒரு பறவை, அது..." போதும். எனக்கே தாங்கவில்லை.

மூன்றாவது: நானும் அத்தானும் லிஃப்ட் மெக்கானிக்குகள். இப்படியே இருக்கட்டும்.

3

லிஃப்ட்டின் உயிர் இரண்டு இடத்தில் இருக்கிறது. உச்சியில் மோட்டார் ரூம், அங்கே மெயின் ஸ்விட்ச். அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு குழி, அங்கே கயிறு சுற்றும் சக்கரம். ஒருவர் குழிக்குள் இறங்கினால் மேலே மின்சாரத்தை நிறுத்தி, ஸ்விட்ச்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைக் குழிக்குள் இருப்பவர் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் விதி.

விதி எழுதியவர் படியேறிப் பார்த்திருக்க மாட்டார். லிஃப்ட்டை நிறுத்திவிட்டால் எங்களுக்கும் லிஃப்ட் கிடையாது. சாவியைக் கொடுக்கப் பதினோரு மாடி இறங்கி, வாங்கிக்கொண்டு பதினோரு மாடி ஏற வேண்டும். அதனால் பூட்டையும் சாவியையும் ஆணியில் மாட்டிவிட்டு நான் மேலேயே நிற்பேன். குழிக்குள் பேச்சு விட்டு விட்டுக் கேட்கும் என்பதால் அத்தான் செய்தி அனுப்புவார். "நிறுத்து" என்றால் நிறுத்துவேன், "போடு" என்றால் போடுவேன்.*

* அவருக்கு இன்னொரு பழக்கம். "போடு" என்று அனுப்பியதும் அடுத்த நொடியே "சீக்கிரம்டா மச்சான்" என்று இன்னொன்று வரும். நான்கு வருடமாக, தவறாமல். இதை நினைவில் வையுங்கள்.

4

கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்திக்குப் பக்கத்தில் குட்டிக் கடிகாரம் தெரிந்தால், அது இன்னும் உங்கள் போனைவிட்டே கிளம்பவில்லை. ஒரு டிக் என்றால் கிளம்பிவிட்டது, நடுவழியில் காத்திருக்கிறது. எதிராளியின் போன் அணைந்திருக்கலாம், சிக்னல் இல்லாமல் இருக்கலாம், உங்களை அவர் பிளாக்கே செய்திருக்கலாம். எது என்று டிக் சொல்லாது. இரண்டு டிக் என்றால் அவருடைய போனுக்குப் போய்விட்டது. அவர் பார்த்தாரா என்பது வேறு கதை. நீலமானால் பார்த்துவிட்டார்.

அனுப்பிய செய்திகள் சிக்னல் இல்லாமல் தேங்கிக் கிடந்தால், சிக்னல் வந்ததும் வரிசையாகக் கிளம்பும். பழசு முன்னால், புதுசு பின்னால். பழசு காலாவதியாகிவிட்டதே என்று அதற்குத் தெரியாது.

5

அன்றைக்கு நடந்தது. (தம்பியை, அதாவது என்னை, "அவன்" என்றே எழுதுகிறேன். அப்படி எழுதினால்தான் கை ஓடுகிறது.)

அத்தான் வேலையை முடித்து, குழிக்குள் இருக்கும், லிஃப்ட்டை நகரவிடாத நிறுத்தப் பொத்தானை விடுவித்துவிட்டு, ஏணியில் கால் வைத்தபடியே "போடு" என்று அனுப்பினார். சிக்னல் இல்லை. குட்டிக் கடிகாரம். அப்போதுதான் ஸ்பேனர் சக்கரத்துக்குப் பின்னால் கிடப்பதைப் பார்த்தார். மறுபடி இறங்கினார். பொத்தானை மறுபடி அழுத்த மறந்தார், ஆனால் செய்தியை மறக்கவில்லை. "இரு போடாத, உள்ள இருக்கேன்" என்று அனுப்பினார். அதற்கும் கடிகாரம். இரண்டும் போகவில்லை, ஆகவே மின்சாரம் வராது என்ற தைரியத்தில் போனைப் பையில் போட்டுவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார்.

பைக்குள் போனுக்குச் சிக்னல் கிடைத்தது. 11:14.

மேலே அவனுக்கு "போடு" வந்தது. போட்டான். மின்சாரம் வந்ததும் லிஃப்ட் தானாகவே தரைத்தளத்தைத் தேடி நகரும். கயிறு ஓடியது, சக்கரம் சுற்றியது. வலது கையில் மூன்று விரல்.

அத்தானின் சத்தம் பதினோரு மாடி ஏறி வந்தது.

6

இந்தத் தம்பி பாத்திரத்தை நான் நம்பவில்லை. இவ்வளவு நல்லவனாக இருக்கிறானே? "போடு" வந்தது, போட்டான், பாவம், அவன் என்ன செய்வான்? கம்பெனியின் விசாரணை அதிகாரியும் அப்படித்தான் எழுதினார்: "இரண்டாவது செய்தி உரிய நேரத்தில் சென்று சேரவில்லை." அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் சட்டையைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவர் போடாதன்னு அனுப்பினாராமே, உனக்கு வந்துச்சா இல்லையாடா?"

"வரலக்கா. சத்தியமா வரல."

சட்டையை விட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதாள். அன்றிலிருந்து யாராவது என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசட்டும், சண்டைக்குப் போய்விடுவாள். "எந்தம்பி மேல தப்பில்ல. அந்தப் பாழாப்போன போன் மேலதான் தப்பு."

அத்தான் என்னை எதுவும் கேட்டதில்லை. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் சிரித்தபடி, "மச்சான், அந்த ஸ்பேனர் இன்னும் அங்கேயேதான் கிடக்குது தெரியுமா?" என்றார். அந்த இரண்டு செய்தியையும் அவர் இன்னும் அழிக்கவில்லை. இரண்டுக்கும் இரண்டு டிக். இரண்டுக்கும் 11:14. போனுக்கு நொடிக் கணக்கு தெரியாது. எனக்குத் தெரியும்.

7

"அவன்" போதும்.

போன் என் இடது கையில் இருந்தது. அதிர்ந்தது. "போடு." வலது கையை ஸ்விட்ச்சில் வைத்தேன். அப்போது

[இந்த வாக்கியத்தை நான்கு தடவை அடித்துவிட்டேன்]

அப்போது போன் இரண்டாவது தடவை அதிர்ந்தது. ஸ்விட்ச் இன்னும் மேலே ஏறவில்லை. குனிந்து பார்க்க ஒரு நொடி போதும். எனக்குப் பசி, எரிச்சல். "சீக்கிரம்டா மச்சான்"தானே இருக்கும், "இதோ போடறேன்யா, பறக்காத" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட்டேன்.

செய்தி வந்தது, அக்கா. நான் பார்க்கவில்லை. செய்தி வராமல் போவதற்கு ஆயிரம் காரணம் சொன்னேனே, அதில் ஒன்றுகூட அன்றைக்கு இல்லை.

8

முடிவுகள் மூன்று யோசித்தேன்.

அக்கா படித்துவிட்டு அழுகிறாள், மன்னிக்கிறாள். (உனக்கு வசதியாக இருக்கிறது, இல்லையா?)

அக்கா கதவைச் சாத்துகிறாள். அத்தான் நடுவில் புகுந்து "எனக்கு அன்னைக்கே தெரியும், விடு" என்கிறார். (அவர் வாயில் இதை வைக்க எனக்கு என்ன உரிமை?)

யாரிடமும் சொல்லாமல் நோட்டைக் கிழித்துப் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சாப்பிடப் போகிறேன். அக்கா இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்கிறாள். யோசித்ததிலேயே பயங்கரமான முடிவு இதுதான்.

9

மணி 3:52. எட்டாவது பகுதிவரை, அடித்தல் திருத்தலோடு, பக்கம் பக்கமாகப் படமெடுத்து 3:40-க்கு அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு டிக்.

அவள் வேலை செய்வது துணிக்கடையின் அடித்தளக் கிடங்கில். அங்கே சிக்னல் எடுக்காது. நான்கு மணிக்கு வேலை முடிந்து படியேறி வருவாள். அதற்குள் அழித்துவிட்டால் எதுவும் நடக்காதது போல் ஆகிவிடும். விரலை மேலே வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

3:58. இன்னும் அழிக்கவில்லை.

4:03. இரண்டு டிக்.

4:05. நீலம்.

போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏழு பக்கம். எவ்வளவு நேரமாகும்? அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டா படிப்பாள்? உட்கார இடம் கிடைத்திருக்குமா? பாவி, வீட்டுக்கு வந்தபிறகு அனுப்பியிருக்கக் கூடாதா நான்?

4:19. போன் அதிர்ந்தது.

எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை.

மறுபடி அதிர்ந்தது.

இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டீர்கள். ஒரு உதவி செய்யுங்கள், அதை நீங்களே திருப்பிப் பாருங்கள். முதலாவதைப் படித்துவிட்டு முடிவு இதுதான் என்று வைத்துவிடாதீர்கள். இரண்டு வந்திருக்கிறது.