தார்ப்பாய் வானம்

மின்விசிறியைப் போட்டதும் தார்ப்பாய் ஒருமுறை புரண்டது. பிறகு மைதானத்தின் நடுவே மெல்ல எழத் தொடங்கியது. பிள்ளைகள் போட்ட கத்தலில் வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. நானும் கத்தினேன். டீச்சர் கத்தக் கூடாதென்று தலைமையாசிரியர் முறைத்தார். முறைக்கட்டும். திருச்செங்கோட்டில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் ராசப்பனின் பட்டறையில் ஆறு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பத்திரிகையில் வந்த காற்றுக் கூடாரத்தின் ஒரே ஒரு படத்தை வைத்துத் தைக்க வைத்தது அது. "இத எந்த லாரி மேல டீச்சர் கட்டுவீங்க?" என்று கடைசி ஞாயிறு வரை கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது அது, பிள்ளைகள் ஓரத்தை அமுக்கிப் பிடித்திருக்க, ஆள் உயரத்தையும் தாண்டி, கறுப்பாக, கொழுகொழுவென்று நின்றது.

"ஆனை வவுத்துக்குள்ள போறாப்புல இருக்குமா டீச்சர்?"

"போய்ப் பாரு."

"ஆனை செரிச்சிருச்சுன்னா?"

எண்பத்தாறு ஜனவரி. வால் நட்சத்திரம் வருகிறது, கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது, ராஜாக்கள் சாவார்கள் என்று ஊரே உளறிக்கொண்டிருந்தது. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பால்மாவு டப்பாவில் நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டைகள் குத்தினேன். நடுவில் ஒரு டார்ச் பல்பு. அதுதான் என் வானம்.

கூடாரத்துக்குக் கம்பம் இல்லை, கயிறு இல்லை, மின்விசிறி ஊதும் காற்றுதான். அடியில் சுற்றிலும் ஒரு முழ அகலத்துக்கு மடிப்பு உண்டு. தவழ்ந்து உள்ளே போகிறவர்கள் அந்த மடிப்பின்மேல் உட்கார வேண்டும். அவர்கள் எடைதான் காற்றைப் பிடித்து நிறுத்தும்.

பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் அர்த்தநாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜூனுக்குப் பிறகு நான் இங்கே வேலை பார்ப்பதும் பார்க்காததும் அவர் கையெழுத்தில் இருக்கிறது. என் அம்மா குஞ்சம்மாள் களை வெட்டுவதும் அவர் காட்டில்தான். அவள் அவரைப் பண்ணாடி என்பாள். அவர் என்னை ஒருநாளும் டீச்சர் என்றதில்லை.

"குஞ்சா மவளே, மொதல்ல ஊருப் புள்ளைக பாக்கட்டும். காலனிப் புள்ளைக பொறகால பாத்துக்கலாம்."

"நாப்பது பேரு உக்காந்தாத்தானுங்க இது நிக்கும். ஊருப் புள்ளைக இருவத்திரண்டுதானுங்க."

அப்படித் தைக்கச் சொன்னதே நான்தான் என்பதைச் சொல்லவில்லை.

காலனிப் பிள்ளைகள் பதினேழு பேர். இன்னும் ஒரு ஆள் குறைந்தது. வேப்பமரத்துப் பின்னால் முக்காட்டோடு நின்ற அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உடு புள்ள! பண்ணாடி வெளிய உக்காந்திருக்கறப்ப நானெப்பிடி உள்ளார போறது?"

"தவழ்ந்துதான்" என்று தலையை அழுத்தி உள்ளே தள்ளினேன்.

உள்ளே இருட்டு கும்மென்று இருந்தது. மண்ணெண்ணெய் வாசம், பிள்ளைகளின் தலையெண்ணெய் வாசம். யார் எந்தத் தெரு என்று எனக்கே தெரியவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு பல்பைப் போட்டேன். நாற்பது வாய்களிலிருந்து ஒரே "ஆ!"

அப்போது வாசல் துணி விலகியது. யார் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க அர்த்தநாரியே வந்துவிட்டார். வேட்டியோடு, முழங்காலில், இருமிக்கொண்டு.

அந்த இருமலை எல்லோருக்கும் தெரியும். வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன், முதலில் எழுந்தது என் அம்மா. அடுத்து காலனிப் பிள்ளைகள். அதைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள். நாற்பது பேரும் மரியாதையாக எழுந்து மடிப்பை விட்டு விலகி நிற்க, மடிப்பு தூக்கிக்கொண்டு காற்று புஸ்ஸென்று வெளியேறியது. என் வானம் எங்கள் தலைமேல் சரிந்தது.

"ஐயோ ஆனை செரிக்குது!" என்று ஒருவன் அலறினான். தார்ப்பாய்க்கு அடியில் யார் காலோ என் முதுகில். எங்கோ பண்ணாடியின் குரல், "ஆருடா அது என்ற மேல?"

எனக்கு வந்த கோபத்தில் ஜூனாவது, கையெழுத்தாவது.

"உக்காருங்க! எல்லாருமு உக்காருங்க! அம்மா, நீயி மொதல்ல உக்காரு! நீங்களுந்தான் பண்ணாடி, அப்பிடியே அந்த மடிப்பு மேல உக்காருங்க. நீங்க உக்காந்தாத்தான் இது எந்திரிக்கும்!"

மின்விசிறி மட்டும் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒவ்வொருவராக உட்காரும் சத்தம். கடைசியாக, கனமாக, ஒரு சத்தம். தார்ப்பாய் என் தலையை விட்டு விலகியது. தோளை விட்டு, கையை விட்டு, மேலே மேலே போயிற்று.

நெளிந்துபோன டப்பாவைத் தடவி எடுத்துப் பல்பைப் போட்டேன். நட்சத்திரங்கள் கொஞ்சம் கோணலாக, ஆனால் எல்லாமே, வந்தன.

இருட்டிலிருந்து பண்ணாடியின் குரல்: "அந்த வரிசையா மூணு... அது என்னது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பக்கத்திலிருந்தே அம்மாவின் பதில் வந்தது.

"அது மேக்க சாஞ்சாத்தானுங்க நாங்க எந்திரிச்சுச் சோறாக்கறது. தெனமும் பாக்கறதுங்க."

"எதச் சொல்ற?"

டப்பாவின் வெளிச்சத்தில் ஒரு கையின் நிழல் பெரிதாக எழுந்து, நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே போய், அந்த மூன்றுக்குக் கீழே நின்றது. சற்றுப் பொறுத்து அதன் பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது.