மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது

லிஃப்ட்காரர் வீடு வாங்கிவிட்டார் என்ற செய்தி தெருவுக்கு வந்ததும் எல்லாரும் கேட்டது, "எத்தனாவது மாடி?" என்றுதான். மூன்றாம் மாடி. "லிஃப்ட் இருக்கா?" இல்லை. அதற்கப்புறம் ஒரு வாரம் தெருவில் வேறு பேச்சே கிடையாது. லிஃப்ட் பழுதுபார்ப்பதுதான் அவருடைய வேலை. ஊரில் பாதிக் கட்டடங்களில் லிஃப்ட் ஏறி இறங்குவது அவர் கை பட்டுத்தான். அந்த மனுஷன் போயும் போயும் படியேறுகிற வீட்டை வாங்கினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

அவர் அதற்கும் பதில் வைத்திருந்தார். "லிஃப்ட் இருக்கற கட்டடத்துல வீடு வாங்கறதும் லிஃப்டுக்கே வாழ்க்கைப்படறதும் ஒண்ணு. கயிறு தேஞ்சாலும் அழணும், கதவு சிக்கினாலும் அழணும். கீழ்வீட்டுக்காரன், நான் ஏறவே இல்லையே, எதுக்குக் குடுக்கணும்பான். ஸ்பேனரைக் கையில வச்சுக்கிட்டு அந்தச் சண்டையெல்லாம் நின்னு கேட்டவன் நான்."

கேட்டவர்தான். கேட்டுக் கேட்டே லிஃப்ட் மேல் அவருக்கு ஒரு வெறுப்பு வந்திருந்தது. மேலும், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மேல்மாடி வீடு மலிவாகக் கிடைக்கும். மலிவாக வாங்கி, வாடகைக்கு விட்டு, அந்த வாடகையிலேயே கடனை அடைப்பது என்பது திட்டம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அவர் மனைவிக்கு மட்டும் வேறொரு கணக்கு. சாவி வாங்கிய அன்று அந்த அம்மாள் மூச்சு வாங்காமல் படியெல்லாம் ஓடி ஏறினாள். அடுத்த நாளே ஒரு டப்பா நீல பெயிண்ட் வாங்கி வந்து சமையலறை ஜன்னல் கட்டைக்குத் தானே அடித்தாள். முழங்கை வரை நீலமாகத் தெருவில் நடந்து வந்ததை எல்லாரும் பார்த்தார்கள்.

"எப்பங்க குடிபோறோம்?"

"முதல்ல ஒருத்தன் இருந்துட்டுப் போகட்டும்மா. கடன் கொஞ்சம் இறங்கினதும் நாம போயிடலாம்."

ஒருத்தன் வந்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன். வாடகை குறைவு என்று ஆசையாக வருகிறவர்கள், காஸ் சிலிண்டரை நாலு தடவை தூக்கி ஏறியதும் வேறு வீடு பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். ஒருவர் அலமாரி மாட்டுகிறேன் என்று சுவரைச் சல்லடையாக்கினார். இன்னொருவர் காலி செய்தபோது குளியலறைக் குழாயையும் கழற்றிக்கொண்டு போனார். மழை வந்தால் மொட்டைமாடித் தண்ணீர் கட்டில் மேல் சொட்டும். கீழ்வீட்டுக்காரர்களிடம் பங்கு கேட்டுப் போனால், "மொட்டைமாடி உங்க தலைக்கு மேலதானே இருக்கு, எங்க தலைக்கு மேல நீங்கதானே இருக்கீங்க" என்று கதவைச் சாத்தினார்கள். லிஃப்ட் குழிக்குள் தொங்கிக்கொண்டு வேலை பார்க்கிற நேரத்தில்தான், "சார், தண்ணி வரல" என்று குடித்தனக்காரர் போன் செய்வார்.

இத்தனைக்கும் நடுவில் லிஃப்ட்காரருக்கு ஒரு பெருமை உண்டு. அவர் வீடு ஒரு ராத்திரிகூடக் காலியாகக் கிடந்ததில்லை. புரோக்கரை அப்படிப் பழக்கி வைத்திருந்தார். காலையில் பழைய ஆள் இறங்கினால் சாயங்காலம் புது ஆளோடு வந்து நிற்க வேண்டும். சொல்லி அனுப்பக்கூட வேண்டாம், காலி செய்கிற தேதி தெரிந்தால் போதும்.

ஆக, அந்த அம்மாளுக்கு ஒவ்வொரு தடவையும் கிடைத்தது ஒரே ஒரு மத்தியானம். வீடு கழுவுகிறேன் என்று துடைப்பமும் வாளியுமாகப் போவாள். கூடவே ஒரு ஃபிளாஸ்க். "கழுவப் போறவளுக்கு ஃபிளாஸ்க் எதுக்காம்?" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டாள். (நல்ல எண்ணத்தில்தான் போனாளாம்.) வீடு பளபளவென்று இருந்ததாம். அந்த அம்மாள் நீல ஜன்னலோரம் ஒரு தலைகீழ் வாளி மேல் உட்கார்ந்து, சொந்த வீட்டுக்காரியாக டீ குடித்துக்கொண்டிருந்தாளாம். தெரு முழுக்க இது தெரியும். லிஃப்ட்காரருக்கு மட்டும் தெரியாது.

முதல் வீட்டுக் கடன் பாதி இறங்கியதும் அவர் இரண்டாவது வீடு வாங்கினார். பக்கத்துத் தெரு, அதுவும் மூன்றாம் மாடி, அதுவும் லிஃப்ட் இல்லை. குடியிருந்தது என்னவோ பழையபடி வாடகைக்கு, தரைத்தளத்து இரண்டு அறையில். "இன்னும் கொஞ்ச நாள்மா," என்றார். அந்த அம்மாள் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அதில் சர்க்கரை இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

போன தடவை முதல் வீடு காலியானபோது அவள் கழுவப் போகவில்லை. "ஆள் விட்டுக் கழுவிக்குங்க," என்றாள். முழங்கால் வலி என்றாள். அவர் தைலம் வாங்கி வந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஆயுள் முழுக்கப் படியேறிப் போய்த்தான் அவர் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்திருக்கிறார். படி ஒரு விஷயம் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு. முதல் வீட்டுக் கடனும் முடிந்தது. குடியிருந்தவர்களும் காலி செய்தார்கள். சாவியை ஆட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கிளம்பும்மா. இனிமே அது நம்ம வீடு."

அவள் நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஃபிளாஸ்க்கிலும் டீ ஊற்றிக்கொண்டாள்.

முதல் மாடி வரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இரண்டாம் மாடிக்குப் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து மறு காலை இழுத்து ஏறினாள். அதற்கு மேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வா. மெதுவா ஏறலாம்."

"மூச்சு இருக்குங்க, முட்டிதான் இல்ல. நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க."

"தினமும் ஏறினா பழகிடும்மா."

"இன்னைக்கு ஏறிடுவேன். அப்புறம் என்னை யாரு இறக்கறது? ஆஸ்பத்திரிக்குப் போறதுன்னாக்கூட நாலு பேர் நாற்காலியில தூக்கணும்."

அவர் நின்றார். "வித்துட்டுக் கீழ்வீடு ஒண்ணு பாத்தா என்ன?"

"மூணாவது மாடி, லிஃப்ட் வேற இல்ல. இதை வாங்க உங்களை மாதிரி இன்னொரு ஆளை எங்க போய்த் தேடுவீங்க?" என்று சிரித்தாள். அவள் சிரித்தது அவருக்குத் தாங்கவில்லை. இரண்டாவது வீட்டுக் கடன் இன்னும் பாதிகூட இறங்கவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவர் மட்டும் ஏறிப்போய்க் கதவைத் திறந்தார். கீழிருந்து குரல் வந்தது. "சமையலறை ஜன்னல் நீலமாவே இருக்குதாங்க?"

ஜன்னல் மண் நிறத்தில் இருந்தது. போன வருஷம் பெயிண்டரிடம், "டப்பா மிச்சம் இருக்குல்ல, ஜன்னலையும் சேத்து அடிச்சுடு," என்று சொன்னவர் அவரேதான். சாவி முனையால் கட்டையைச் சுரண்டினார். மண் நிறம் உதிர்ந்து, உள்ளே நகக்கண் அளவுக்கு நீலம் தெரிந்தது.

"இருக்கும்மா," என்று கத்தினார்.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம் கேட்டது. புரோக்கர். பின்னால் ஒரு இளம் தம்பதி. இந்தத் தடவை வர வேண்டாம் என்று சொல்ல லிஃப்ட்காரருக்கு மறந்துபோயிருந்தது. புரோக்கர் மேலே வந்து பழக்கதோஷத்தில் விளக்கையெல்லாம் போட்டுக் காட்ட ஆரம்பித்தார். அந்தப் பெண் மட்டும் படியில் நின்றுவிட்டாள்.

"ஏன் ஆன்ட்டி இங்க உக்காந்திருக்கீங்க? இது உங்க வீடா?"

"ஆமாம்மா, எங்க வீடுதான். காத்து பிச்சுக்கிட்டு வரும். சமையலறை ஜன்னல் பக்கம் வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்து ஒரு டீ குடிச்சுப் பாரு. கட்டைக்கு நீலம் நானே அடிச்சது."

லிஃப்ட்காரர் மேலே நின்று இதைக் கேட்டார். எந்த வாளி, எந்த டீ என்று ஒவ்வொன்றாக அவருக்கு இப்போதுதான் விளங்கியது. சுரண்டிய துகள் விரலில் ஒட்டியிருந்தது.

அந்தப் பெண் நேராகச் சமையலறைக்கு வந்தாள். மண் நிற ஜன்னலைப் பார்த்தாள். அந்தத் துளி நீலத்தைப் பார்த்தாள். பிறகு அவர் விரலைப் பார்த்தாள். வாசலுக்குப் போய்ப் படியை எட்டிப் பார்த்து, "சூப்பரா இருக்கு ஆன்ட்டி, உங்க நீலம்!" என்றாள்.

"அப்ப யோசிக்காத," என்றது கீழிருந்து வந்த குரல். "முட்டி நல்லா இருக்கறப்பவே இருந்துக்கோம்மா."

புரோக்கர் கையைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எப்பவும் போல இன்னைக்கே முடிச்சுடலாமா சார்?"

லிஃப்ட்காரர் சாவியைப் புரோக்கர் கையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார். அந்த அம்மாள் ஃபிளாஸ்க் மூடியில் டீ ஊற்றி, பாதி குடித்துவிட்டு, மீதியை அவருக்காக வைத்திருந்தாள்.