ஏழு வீட்டில் விசேஷம்

பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவளுக்குக் காலை பத்து மணி என்றாலே எரிச்சல்தான். அதற்குள், வராத பிள்ளைகளின் பெயர், தெரு, வராததன் காரணம் எல்லாவற்றையும் ஒரு தாளில் நிரப்பி நகராட்சியின் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். பள்ளியும் நகராட்சியும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. தண்ணீர் கெட்டால் முதலில் படுக்கையில் விழுவது பிள்ளைகள்தான். ஒரே தெருவில் மூன்று நாள் தொடர்ந்து பிள்ளைகளுக்கு நோய் என்று தாள் சொன்னால், யாரையும் கேட்காமல் அந்தத் தெருக் குழாயை அடைத்துவிடலாம். நல்ல ஏற்பாடு, யோசித்தவரைக் குறை சொல்ல முடியாது.

முதல் இரண்டு மாதம் அவளும் வீட்டுக்கு வீடு போன் போட்டுக் கேட்டாள். ‘உடம்பு சரியில்லை’ என்று எழுதினால், என்ன நோய், எத்தனை நாள், எந்த டாக்டர் என்று இன்னொரு தாள் வந்து கழுத்தை அறுத்தது. ‘வீட்டு விசேஷம்’ என்று எழுதினால் ஒருவரும் மூச்சுவிடவில்லை. அப்புறம் என்ன, எல்லாப் பிள்ளைக்கும் வீட்டில் விசேஷம்தான். சுகாதார ஆய்வாளர்கூடப் போனில் கேலி செய்வார்.

“உங்க ஸ்கூல்ல ஒருத்தருக்குத் தும்மல்கூட வராதாம்மா? உங்க தண்ணியை பாட்டில்ல அடைச்சு விக்கலாம் போல!”

அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அன்று ஒன்பதரைக்கு ஒரு தாய் அலுவலக வாசலில் வந்து நின்றாள். தலை வாரவில்லை, கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு.

“லீவு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன் மேடம். பாப்பாவுக்கு நாலு நாளா வாந்தி, வயித்துப்போக்கு. ட்ரிப் ஏறிட்டிருக்கு. கண்ணையே தொறக்க மாட்டேங்குறா.”

“எந்தத் தெரும்மா நீங்க?”

“தொட்டித் தெரு. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அங்கதான் படுத்திருக்கு. ஸ்கூல்ல இருந்து யாராச்சும் போன் பண்ணாங்களான்னு நேத்து அவங்கப்பா கேட்டாரு. உங்களுக்கும் ஆயிரம் வேலை இருக்கும்னு சொன்னேன்.”

குத்திக்காட்டச் சொன்னதல்ல அது. அதனாலேயே அவளால் அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தத் தாய் போனதும் பழைய தாள்களின் நகல்களை எடுத்து மேசையில் பரப்பினாள். தொட்டித் தெருவில் முதல் நாள் இரண்டு பேர், அடுத்த நாள் நாலு பேர், நேற்று ஐந்து பேர். இன்று வருகைப் பதிவேட்டில் ஏழு பேர் இல்லை. மூன்று தாளிலும் அவளுடைய முத்து முத்தான கையெழுத்தில் வீட்டு விசேஷம், வீட்டு விசேஷம். ஒரே தெருவில் வீடு தவறாமல் அப்படி என்ன விசேஷம் என்று எழுதிய கைக்கும் தோன்றவில்லை.

இன்றைய தாளில் ஏழு பேருக்கும் ‘வாந்தி’ என்று எழுதினாள். எழுதிய பிறகுதான் கணக்கு புரிந்தது. இன்று எழுதினால் இன்றுதான் முதல் நாள். பழைய தாளை யாரும் கிளறப் போவதில்லை, வேலைக்கும் ஆபத்தில்லை. ஆனால் குழாய் இன்னும் இரண்டு நாள் திறந்திருக்கும். உண்மையைச் சொன்னால் இப்போதே அடைப்பார்கள், அவள் வேலை போய்விடும். வீட்டில் மூன்று பேர் சாப்பிடுவது இந்த ஒரு வேலையில். பத்தேகாலுக்கு ஆய்வாளரை அழைத்தாள்.

“சார், தொட்டித் தெருவுல ஏழு பிள்ளைங்களுக்கு வாந்தி.”

“இன்னிக்குத்தானே ஆரம்பம்? எழுதி அனுப்புங்கம்மா, பாத்துக்கலாம்.”

‘ஆமாம்’ என்றால் முடிந்தது. கண் திறக்காத அந்தப் பிள்ளையை நினைத்தாள்.

“இல்ல சார். நாலு நாளா. நான் யாரையும் கேக்காம விசேஷம்னு எழுதிட்டேன். பொய்யா எழுதிட்டேன் சார்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“உங்க தாளை நான் பிரிச்சே ரொம்ப நாளாச்சும்மா,” என்றார். “இந்த ஸ்கூல்தானேன்னு ஓரமா வெச்சிருவேன்.” பிறகு யாரிடமோ, ‘தொட்டித் தெரு வால்வை அடைங்கய்யா, உடனே!’ என்று அவர் கத்துவது கேட்டது. மறுபடி போனுக்கு வந்தார். “அம்மா, அந்த லைன் முடியுறது எங்க தெரியுமா? உங்க ஸ்கூல் தொட்டியிலதான்.”

இடைவேளை மணி அடித்தது.

போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். குழாயடியில் முண்டியடித்துக்கொண்டு பிள்ளைகள் கையேந்திக் குடித்தார்கள். “குடிக்காதீங்க! யாரும் குடிக்காதீங்க!” என்று இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றாள். ஆபீஸ் மேடம் ஏதோ புது விளையாட்டு சொல்லித் தருவதாக நினைத்து அவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு குழாயாக மூடினாள். கடைசிக் குழாய் மட்டும் இறுகிப்போய் மூட வரவில்லை.

முகவாயில் தண்ணீர் சொட்ட ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவளையே பார்த்தாள்.

“இன்னிக்குக் குடிக்கக் கூடாதா மிஸ்?”

“கூடாதுடா கண்ணு. நீ குடிச்சியா?”

“ம். நேத்தும் குடிச்சேனே. முந்தாநாளும் குடிச்சேன். அதுக்கு முந்தின நாளும்...”

சிறுமி ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டே போனாள். நாலாவது விரலுக்கு வந்தபோது அவள் அந்தச் சின்னக் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.