பால் ஆகாத சுண்டு

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பால் டேங்கர் ஓட்டுநர் முதலில் செய்வது, மகளிடமிருந்து தப்பி ஓடுவதுதான். சுண்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருவாள். அவர் தன் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சுவரோரமாக நழுவி, குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொள்வார். சீருடையையும் ஷூவையும் டிப்போவிலேயே கழற்றிவிட்டுத்தான் வருவார். இருந்தாலும் விரல் இடுக்கில், மீசை நுனியில் எங்காவது ஒரு சொட்டு பால் காய்ந்து ஒட்டியிருந்தால்? கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு கரண்டி பால்மாவு கரைத்துக் கொடுத்ததற்கே அவள் முகம் வீங்கி, கண் மூடிப்போய், மூச்சு விசிலடித்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் பிடித்துக்கொண்டிருந்தது அவருடைய சுண்டுவிரலை. அதிலிருந்து அவள் சுண்டு.

"ஊருக்கெல்லாம் நீதான் பால் ஊத்தற மாப்ள. உன் வீட்டுப் புள்ளைக்கு மட்டும் பச்சத் தண்ணியா?" என்பார் மனைவியின் அண்ணன். பழைய கார்களை வாங்கி விற்கிறவர். பேச்சில் அவரை யாரும் ஜெயித்ததில்லை. சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். ஓட்டுநரும் மரியாதைக்குச் சிரித்து வைப்பார்.

சுண்டுவுக்கு நான்கு வயது முடிந்தபோது எடுத்த பரிசோதனைக்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பு நின்றது. தாய்ப்பால் மறந்ததிலிருந்து பிள்ளைக்குக் கால்சியம் போதவில்லை, எலும்பு வளர்கிற வயதில் இப்படி விடக் கூடாது என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அந்த அம்மாள் மெலிந்த குரலில், யாரையும் குற்றம் சாட்டாமல் பேசினார்.

"பால்தான் ஒரே வழின்னு இல்லைங்க. அது சுலபமான வழி, அவ்வளவுதான். முள்ளோட திங்கற சின்ன மீன் குடுங்க. எள்ளை நல்லா அரைச்சுக் குடுங்க. கீரை குடுங்க. ஆனா பசலைக்கீரையை மட்டும் நம்பிடாதீங்க, அதுல இருக்கறத அதுவே பிடிச்சு வச்சுக்கும், உடம்புக்கு விடாது."

"கஞ்சக் கீரை," என்றாள் அம்மா, தன்னையறியாமல்.

"அதேதான். முருங்கைக்கீரை தாராளமா குடுக்கும். அப்புறம் கால்சியம் சேர்த்த சோயா பால் கடையில கிடைக்கும். ஊத்தறதுக்கு முன்னாடி டப்பாவை நல்லா குலுக்கணும். சத்தெல்லாம் அடியில போய் உக்காந்துக்கும்."

எல்லாவற்றையும் வாங்கினார்கள். சுண்டு எதையும் சீண்டவில்லை. கீரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அணில் மாதிரி உப்பிய முகத்தோடு மத்தியானம் முழுக்க வீட்டைச் சுற்றி வந்தாள். எள்ளை அரைத்து ரொட்டியில் தடவினால் ரொட்டியின் மறுபக்கத்தை மட்டும் சுரண்டித் தின்றாள். மீனுக்குக் கண் இருந்தது. "அது என்னையே பாக்குது" என்று தட்டைத் திருப்பி வைத்தாள். சோயா பாலை முகர்ந்துவிட்டு, ஈரத் துணி வாசம் வருகிறது என்றாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அடுத்தவர் மூக்குக்கு அளவு பார்த்துவிட்டு வரும் அம்மாவுக்கு, சாயங்காலம் இந்தப் போராட்டம் வேறு.

"நான் சமைக்கறதுல ஏதோ குறை இருக்குங்க," என்றாள் ஒரு நாள், கழுவிய தட்டையே திரும்பக் கழுவியபடி.

"உன் கையில என்ன குறை? அவளுக்கு வாய் முழுக்க வக்கீல் புத்தி," என்றார் அவர். தேறுதலாகச் சொன்னது தேறுதலாகப் போய்ச் சேரவில்லை.

அந்த மாதம் முழுவதும் பனி. விடிகிற வேளையில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு, குளிரூட்டும் நிலையத்தின் வாசலில் வரிசையில் நிற்பார். முன்னால் நிற்கிற டேங்கரின் பின்விளக்கு மட்டும் சிவப்பாக மிதக்கும். முதுகுக்குப் பின்னால் எஃகுத் தொட்டிக்குள் பால் மெல்ல அசைந்து அடங்குவது இருக்கை வழியாக உடம்புக்குள் வரும். அந்த அசைவில் ஒரு நாள் கண் அயர்ந்துவிட்டது. வெள்ளையாக ஒரு ஆறு. சத்தமே இல்லாத ஆறு. அக்கரையில் சுண்டு நடந்து போகிறாள். ஈர மணலில் அவள் கால் வைத்த இடத்தில் தடம் விழவில்லை. அவர் கூப்பிடுகிறார், வாயிலிருந்து ஆவிதான் வருகிறது. அவள் ஒரு பஞ்சு போல லேசாக எழும்பி எழும்பி இறங்குகிறாள், விளையாட்டாக. அவர் ஆற்றில் இறங்கலாமா என்று யோசிக்கிறார். இறங்கினால் பால் பட்ட கையோடு அவளைத் தொட முடியாதே என்று கரையிலேயே நிற்கிறார்.

நிலையத்தில் பால் சாம்பிள் எடுக்கிறவர் கதவைத் தட்டி எழுப்பினார். "என்னண்ணே, கண்ணு கலங்கியிருக்கு?"

"பனி," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுண்டு அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, "நீ தினமும் எங்க போற? என்னையும் கூட்டிட்டுப் போ," என்று பிடிவாதம் பிடித்தாள். அவர் சரியென்று தலையாட்டிவிட்டார்.

"அங்கயா? உங்களுக்கு என்ன புத்தி கெட்டுப் போச்சா?" என்றாள் அம்மா.

"பண்ணைக்குள்ள போகல. வேலிக்கு இந்தப் பக்கமே நின்னு பாத்துட்டு வந்துடலாம்," என்றார் அவர்.

மச்சானின் காரில் போனார்கள். அம்மா மகளின் கையைக் கடைசி வரை விடவில்லை. பண்ணைக்கு வெளியே, பாதையோரம் நிறுத்தினார்கள். வேலிக்கு அப்பால் புல்வெளி என்பது ஒரு யூகம்தான். எல்லாமே வெள்ளைப் புகை. கொஞ்ச நேரம் எதுவுமில்லை. பிறகு ஒரு ஈர மூக்கு மட்டும் தெரிந்தது. அதற்குப் பின்னால் இரண்டு கொம்பு, அகன்ற நெற்றி, கடைசியாக மெதுவாக ஒரு முழு மாடு, யாரோ அப்போதுதான் நினைத்துப் பார்த்து உண்டாக்கியது போல. அடுத்து இன்னொன்று. தலையைத் தாழ்த்தி, பூமியோடு ரகசியம் பேசுகிறாற்போல, பறித்துப் பறித்துத் தின்றன. அந்தச் சத்தம் மட்டும் காதுக்குப் பக்கத்தில் கேட்டது.

சுண்டு கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"இதுங்க பால் குடிக்குமா?"

"கன்னுக்குட்டியா இருக்கறப்ப குடிக்கும். வளந்தப்புறம் புல்லும் தண்ணியும்தான்."

"பால் குடிக்காதா?"

"குடிக்காது."

"அப்ப இவ்ளோ பெரிய எலும்பு எப்படி வந்துச்சு?"

ஓட்டுநர் மச்சானைப் பார்த்தார். எதற்கும் பதில் வைத்திருக்கிற மச்சான், கார் கண்ணாடியில் இல்லாத அழுக்கைத் துடைத்தார். எத்தனை வருஷமாக இந்தப் பாதையில் வருகிறார், எவ்வளவு பாலைச் சுமந்திருக்கிறார். இந்தக் கேள்வி ஓட்டுநருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"புல்லுலேருந்துதான் வந்திருக்கணும்," என்றார் மெதுவாக. "பாலுக்குள்ள இருக்கறதும் அங்கேருந்துதான் வருது போல."

சுண்டு தலையாட்டிக்கொண்டாள். திரும்பி வருகிற வழியெல்லாம் ஜன்னலில் மூச்சு விட்டு ஆவி பிடித்து, அதில் கொம்பு வரைந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அம்மா வதக்கிய முருங்கைக்கீரையோடு சோற்றைப் பிசைந்து எடுத்து வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. சுண்டு மேசைக்கு அடியில் நாலு காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எழுந்திருடி. தரையில என்ன பண்ற?"

சுண்டு மூக்கால் புஸ்ஸென்று ஊதினாள். குளித்துவிட்டு வந்த ஓட்டுநர் குனிந்து பார்த்தார். மகளின் கண்ணில் அந்தப் பனியும் புல்வெளியும் அப்படியே இருந்தன. அவர் தட்டை வாங்கி, ஒரு குட்டி முக்காலியின் மேல் வைத்து, அதை மேசைக்கு அடியில் தள்ளினார். சுண்டு தலையைத் தாழ்த்தினாள். மென்றாள். ஒதுக்கி வைக்கவில்லை, நிதானமாக அரைத்து, விழுங்கி, மறுபடி தாழ்த்தினாள். அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. இருவரும் பண்ணைக்காரர்கள் மாதிரி சத்தம் போடாமல் நின்றார்கள்.

இரண்டு நாள் கழித்து மச்சான் வந்தார். "என்னடா கூத்து இது, புள்ளைய மாடாக்கிட்டீங்களா?" என்று ஆரம்பித்தவரைச் சுண்டு நிமிர்ந்து பார்த்தாள். மாடாக இருக்கும்போது பேசுவதில்லை என்பதால் ஒரு நொடி மனுஷியாகி, "மாமா, நீ வயசான மாடு. அங்க நில்லு," என்று சொல்லிவிட்டு மறுபடி மாடானாள். மச்சான் தங்கையைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தொந்தியோடு, முட்டி சொடுக்குவிட மண்டியிட்டார். அவர் பங்குக்கும் கீரை வைக்கப்பட்டது. ருசியாகவே இருந்தது என்று பிற்பாடு பலரிடம் சொன்னார்.

எல்லா நாளும் மாடாக இருக்க அவளால் முடியவில்லை. சில நாள் பூனையானாள். அப்போது மொறுமொறுவென்று வறுத்த சின்ன மீனை, கண்ணோடும் முள்ளோடும், உறுமிக்கொண்டே தின்றாள். சோயா பாலுக்கு மட்டும் எந்த மிருகமும் சம்மதிக்கவில்லை. ஓட்டுநர் டப்பாவைக் குலுகுலுவென்று குலுக்கிக் கொடுக்க, அம்மா அதை ஊற்றி ரொட்டிக்கு மாவு பிசைந்தாள், சூப்பில் கலந்தாள். அதை அவர்கள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆலோசகர் புருவத்தை உயர்த்தினார். "பரவாயில்லையே, கால்சியம் நல்லா ஏறி வருது. என்ன சாப்பிடற கண்ணு?"

"மாடா இருக்கறப்ப கீரை. பூனையா இருக்கறப்ப மீன்."

"மனுஷியா இருக்கறப்ப?"

சுண்டு யோசித்தாள். "மனுஷியா இருக்கறப்ப எதுவுமே புடிக்காது."

ஆலோசகர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். "இது போதும். கூடவே கொஞ்சம் வெயில் படணும். சாப்பிட்ட சத்து உடம்புல சேர அதுவும் வேணும்."

வீட்டுக்கு இன்னும் ஒரு நிறுத்தம் இருக்கும்போதே பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். பனிக்காலம் போயிருந்தது. மூடிய கடைகளின் இரும்புக் கதவுகளில் வெயில் தேனாக வழிந்தது. அன்றைக்கு அவருக்கு விடுமுறை. உடம்பில் பால் வாசம் இல்லை. சுண்டு ஒரு கையை அவரிடமும் மறு கையை அம்மாவிடமும் கொடுத்துவிட்டு, நிழல் விழுந்த இடங்களை எல்லாம் தாண்டித் தாண்டி, வெயில் பட்ட கற்களின் மேலேயே கால் வைத்து நடந்தாள். ஒவ்வொரு தாண்டலுக்கும் அவர் தோள் பட்டையில் சுள்ளென்று ஒரு இழுப்பு. கனமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.